மாதிரிப் புகைவண்டிப் பாதைக்கு ஏற்ற மென்பொருள் எது?

சிறுவர் விளையாட்டெனப் பலரும் நகைத்து விடுக்கும் ஒரு பொருளைப்பற்றி இம்மலரில் எழுதத் துணிந்தோம். மாதிரிப் புகைவண்டிப் பாதை அமைக்கப் புகுவோர், அதனை முதற்கண் கணினியில் வரைந்து பார்த்தற்கு எம்மென்பொருளைக் கைக்கொள்ளல் தகும் என்பதே அப்பொருள். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளர். ஒரு சூத்திரத்திற்கு உரையாசிரியர் மூவர் கூறிய மூவகைப் பொருளையும் ஒப்பிட்டுத் தேறும் பயிற்சியுடையார்க்கு, ஒரு தொழிற்குரிய கருவிகள் மூன்றனை ஒப்பிடுதல் மட்டும் விலக்கப்பட்டதோ? அன்றியும், இவ்விஷயத்தில் யாம் கொண்ட அபிப்பிராயம் பிறர் சொல்லக் கேட்டதன்று. பணமும் ஒரு விடுமுறையும் ஒரு நல்ல ஒட்டுப்பலகையும் செலவிட்டுப் பெற்றது.

இக்கலை வேரூன்றி வளர்ந்தது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமாம். ஜெர்மானிய நாட்டு மார்க்ளின் நிறுவனத்தார் 1891ஆம் ஆண்டில் லைப்சிக் நகரச் சந்தையில், அளவு வரையறுத்த தண்டவாளங்களாலான பாதையை வைத்துக் காட்டினர். இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி என்பார் சாவி கொடுத்தோட்டும் வண்டிகளை 1920இல் விற்கத் தொடங்கினார். இன்று பிரிட்டனில் மிகுதியும் வழங்குவது 'டபிள் ஓ' எனப்படும் அளவு; மெய்வண்டியின் ஓரடி அதில் நான்கு மில்லிமீட்டராகச் சுருங்கும். பிற ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் பெருவழக்கானது, 87இல் ஒரு பங்காகிய 'எச். ஓ.' அளவு. இரண்டும் ஓடுவது 16.5 மி.மீ. அகலமுள்ள ஒரே தடத்தின்மீது என்பது வியப்பே. சிறிய வண்டிக்கும் பெரிய வண்டிக்கும் ஒரே செருப்பை மாட்டியது போன்ற இவ்வமைதியைப்பற்றி அந்நாட்டார் இன்னும் வழக்காடி ஓய்ந்திலர்.

கடையில் விற்கும் தடத்துண்டுகளுக்குத் திட்டமான அளவுகள் உண்டு. ஹார்ன்பி, பீக்கோ என்னும் இரு நிறுவனத்தார் துண்டுகளில் முதல் வளைவின் ஆரம் 371 மி.மீ., இரண்டாவது 438, மூன்றாவது 505. இரண்டாம் வளைவில் 22½ பாகைத் துண்டுகள் பதினாறு கூடின் ஒரு வட்டம் முடியும். வட்டமொன்றே வேண்டுவோர் தரையிற் பரப்பி மகிழலாம். அவர்க்கு மென்பொருள் வேண்டா. தடம் கிளைக்கும் பாயிண்டுகளும், சரக்குப் பெட்டிகள் நிற்கும் பக்கத் தடங்களும், ஒன்றன்மேல் ஒன்று கடக்கும் பாலமும் வேண்டும் என்ற ஆசை பிறந்த அக்கணமே கணக்குப் பிறக்கின்றது. துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாது கால் அங்குலம் விலகி நிற்கும். கை அதனை வளைத்துப் பொருத்தும். வண்டி அவ்விடத்திற்றான் தடம் புரளும்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாமும் விடுதித் தோழர் மூவரும் இவ்வாசைக்கு ஆளானோம். தோழர் ஒருவரின் மாமன் வெளிநாட்டினின்று கொணர்ந்த ஒரு பெட்டியில் எஞ்சின் ஒன்றும், பயணிப் பெட்டிகள் மூன்றும், நான்கு சக்கரச் சரக்குப் பெட்டிகள் எட்டும், போதிய தடத்துண்டுகளும் இருந்தன. விடுதிக் கூடத்தில் எட்டடி நீளமும் நான்கடி அகலமுமுள்ள ஒட்டுப்பலகை ஒன்றன்மீது, தமிழ் எண் எட்டைப் போலன்று, ஆங்கில எட்டைப் போலத் தன்மேற் றானே ஏறிக் கடக்கும் பாதையொன்று அமைக்க எண்ணினோம். கணினியில் ஒரு மென்பொருளை நாடினோம். அதன் பெயர் இங்கு வேண்டா, பிழை அதனதன்று. துண்டுகளை இழுத்து வைத்தவுடன் அது முப்பரிமாணப் படம் காட்டியது. பாலமும் பசும்புல்லும் நிலையத்துக் கூரையும் கண்முன் எழுந்தன. படத்தைக் கண்டு மயங்கிய நால்வரும் அன்று மாலையே பலகை வாங்கச் சென்றோம். கோபுரங் கட்டப் புகுந்தவன் உவமையைக் கல்லூரி ஆலயத்தில் எத்தனையோ முறை கேட்டிருந்தும், கடையிற் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அது எவர் நினைவிற்கும் வந்திலது.

வண்டி ஏறவில்லை. எஞ்சின் தனித்து ஏறிற்று; ஒரு பெட்டியுடன் தள்ளாடி ஏறிற்று; மூன்று பெட்டிகளுடன் வளைவின் நடுவில் நின்று சக்கரம் மட்டும் சுழன்றது. பின்னரே காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டோம். அப்பலகையில் 438 மி.மீ. வளைவுடன் அமையும் எட்டு வடிவத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். ஆகவே, கீழே கடக்கும் இடத்திலிருந்து மேலே கடக்கும் இடம்வரை 3 மீட்டர். மேற்பாதைக்கும் கீழ்ப்பாதைக்கும் இடையே 75 மி.மீ. உயரமேனும் வேண்டும். 3 மீட்டர் முழுவதும் சீராக ஏறின் 40க்கு 1 என்னும் ஏற்றம், அது தாங்கத்தக்கது. யாமோ ஒரு பக்கத்தில் நிலையத்திற்கெனவும் பாலத்திற்கெனவும் 1.2 மீட்டருக்கு மேல் சமதளமாக ஒதுக்கிவிட்டோம். எஞ்சியது 1.8 மீட்டர். ஏற்றம் 24க்கு 1, அதுவும் வளைவின்மீது. வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உராய்ந்து இழுப்பதால், ஏற்றம் மேலும் கடிதாகும். நீலகிரி மலைப்பாதையில் கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை 12½க்கு 1 வரை ஏற்றம் உண்டென ஒரு தோழர் வாதித்தார். அங்குத் தண்டவாளங்களின் நடுவே பற்பாதை உண்டு. எம் எஞ்சினுக்குப் பல் இல்லை.

இவ்வனுபவத்தால் யாம் கொண்ட துணிபு இது: பாதை வரையும் மென்பொருளை, அது காட்டும் படத்தின் அழகால் மதித்தல் கூடாது, அது மறுக்கும் ஆற்றலால் மதித்தல் வேண்டும். நாம் தவறும் இடத்தில், நாம் கேளாதிருக்கும்போதே, இது தவறு என்று சொல்வது எதுவோ அதுவே நல்ல கருவி. எமக்குப் படம் காட்டிய மென்பொருளும் ஏற்றத்தின் அளவைக் கேட்டிருப்பின் கூறியிருக்கும். கேட்க அறியாதவனே முதன்முதல் வரைபவன் என்பதை மறத்தலாகாது.

மென்பொருளுக்கும் இக்கலைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. அமெரிக்காவில் எம். ஐ. டி. என வழங்கும் பொறியியற் கலாசாலையின் மாணாக்கர் 1946இல் மாதிரி இருப்புப்பாதைச் சங்கம் ஒன்றை நிறுவினர். பலகைக்கு மேலே மலையும் ஊரும் செய்தவர் ஒரு சாரார். பலகைக்குக் கீழே தொலைபேசி நிலையத்து ரிலேக்களைக்கொண்டு வண்டிகளை ஆளும் கம்பிவலை பின்னியவர் மற்றொரு சாரார். இப்பின்னவருள் சிலரே 1950களின் இறுதியில் அக்கலாசாலைக் கணினிகளை இரவெல்லாம் தொட்டுப் பழகினர். 'ஹாக்கர்' என்னும் சொல் கணினியுலகிற் புகுந்ததற்கு அச்சங்கத்தாரின் பேச்சுவழக்கே ஒரு வேர். பின்னாளில் அச்சொல்லுக்கு ஏறிய இழிபொருள் அவர்பாற்பட்டதன்று. சொல்லாராய்ச்சியில் விருப்புடைய எம் வகுப்பினர்க்காக இதனைக் குறித்தோம்; இனி விட்ட இடத்திற்கு மீள்வோம்.

தட நிறுவனத்தார் தாமே வழங்கும் மென்பொருள்கள் உள. இவற்றை யாம் விரும்பவில்லை. ஜவுளிக்கடைக்காரர் தரும் அளவுகோல் அக்கடைத் துணியை மட்டும் அளக்குமாயின் அதனை வீட்டில் வைத்திருத்தல் எதற்கு? அமெரிக்க அட்லஸ் நிறுவனம் முன்னர் அளித்த 'ரைட் டிராக்' என்பது அட்லஸ் தடங்களை மட்டுமே அறிந்திருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டு, ஸ்கார்ம் என்னும் வேறொரு மென்பொருளை அடியாகக் கொண்ட புதியது அவ்விடத்தில் வந்தது. பழையதில் வரைந்து வைத்தவர் நிலையை எண்ணிப் பார்க்க.

நிறுவனச் சார்பில்லாதவற்றுள் எனிரெயில், ஸ்கார்ம், எக்ஸ்ட்ராக்கேட் என்னும் மூன்றே பெரிதும் பேசப்படுவன. எனிரெயில் விண்டோஸ் கணினிக்கெனச் செய்யப்பட்டது. பழகுதற்கு இதனினும் எளியதை யாம் கண்டிலோம். ஒரு மாலைப்பொழுதில் கைவந்துவிடும். பற்பல நிறுவனத் தடங்களும் அதன் பட்டியலில் உண்டு. விலை கொடாதார்க்கு 50 துண்டுகள் வரையே இடந்தரும். ஸ்கார்ம் தொடக்கத்தில் முற்றும் இலவசமாயிருந்து, பின்னர் உரிமக் கட்டணம் வைத்தது. கட்டணமின்றி 100 துண்டுகள் வரை வரையலாம். முப்பரிமாணக் காட்சி அதன் சிறப்பு. அச்சிறப்பைப்பற்றி எம் கருத்து மேலே கூறப்பட்டது.

எக்ஸ்ட்ராக்கேட் முகப்பொலிவு இல்லாதது. அதன் பட்டியல்களைக் கண்டவுடன் பழைய அரசாங்க அலுவலகத்துள் நுழைந்த உணர்வு தோன்றும். முதல் மூன்று நாள்கள் எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்காம் நாள் சினத்தால் கணினியை மூடினோம். ஆயினும் இப்பொழுது எம் ஆதரவு அதற்கே. காரணம் கூறுவோம். வளைவின் மிகக்குறைந்த ஆரம் இவ்வளவு, ஏற்றத்தின் மேலெல்லை இவ்வளவு என்று நாம் முன்னரே குறித்து வைப்பின், அவ்வெல்லை மீறிய தடங்களை அது வேறு நிறத்திற் காட்டிநிற்கும். நாம் அழகிய வளைவொன்றை இழுத்து மகிழும்போது அந்நிறம் கண்ணை உறுத்தும். தேர்வுத்தாளில் ஆசிரியர் இட்ட சிவப்புக்கோட்டின் பயனை மாணாக்கர்க்கு எடுத்துக் கூறவேண்டுவதில்லை. மேலும், வரைந்த பாதையில் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். நேர்தடத்திலிருந்து வளைவுக்குப் படிப்படியாய்ப் புகும் இடைவளைவு அமைக்கலாம். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் அது இயங்கும். முன்னர் விலைக்கு விற்கப்பட்ட அதனைப் பின்னர் அதன் மூலநிரலோடு எவரும் கொள்ளுமாறு பொதுவுரிமையில் விடுத்தனர். ஆகலின் விலையில்லை, துண்டுகளுக்கு எல்லையுமில்லை.

இங்கு ஒரு கூச்சமான செய்தியையும் சொல்லல் வேண்டும். 50 துண்டுகளின் எல்லையிற் சென்று முட்டிய மாணாக்கர், கட்டணம் செலுத்துவதைவிடப் பூட்டுடைத்த பிரதியொன்றைத் தோழரிடம் பெற்றுக்கொள்வது விடுதிகளில் சாதாரணம். எம் நால்வருள்ளும் அப்பேச்சு எழுந்தது; எழவில்லை என்று எழுதுதல் பொய்யாகும். ஒருவர் தம் சிற்றுழைப்பால் ஆக்கிய பொருளை, "வேறு நாட்டான் தானே, அவனுக்கென்ன குறை" என்று கவர்ந்துகொள்ளுதல், ஜெபக்கூட்டத்தில் முன்வரிசையில் அமரும் எமக்குப் பெரிதாகத் தோன்றாமற் போனதே வருந்தத்தக்கது. அதனைத் தடுத்தது எம் ஒழுக்கமன்று. கணினிக்கு நச்சுநிரல் தொற்றும் என்ற ஒரு தோழரின் அச்சமே. பணமில்லாதவன் திருடாமலே செய்தற்கு வழியுண்டு என்பதை அன்று அறியோம். அறிந்தபின்னும் பூட்டுடைத்த பிரதியை நாடுவோர்க்கு யாம் கூறத்தக்கது ஒன்றுமில்லை.

பொதுவுரிமை மென்பொருளை யாம் போற்றுதற்கு மற்றொரு காரணம், நம் துறையைச் சார்ந்தது. ஒரு பாதையை முடிக்க ஈராண்டு, ஐயாண்டு ஆகலாம். அதுகாறும் கோப்பு திறக்கவேண்டும். விற்பவர் கடை மூடினால், அவர் மென்பொருள் ஒன்றாலேயே திறக்கத்தக்க கோப்பு என்னாம்? 1887இல் சீவகசிந்தாமணியை அச்சிற் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள் ஏடு தேடி அலைந்த வரலாற்றை நாம் படித்துள்ளோம். செல்லரித்த ஏட்டிலும் எஞ்சிய எழுத்தைக் கண் படிக்கும். பூட்டிய கோப்போ முழுதும் இருந்தும் ஊமையாகும். எக்ஸ்ட்ராக்கேட்டின் வழக்கமான கோப்பு வெறும் எழுத்தாலும் எண்ணாலும் ஆயது. எழுத்துப் பதிப்பி ஒன்றிற் றிறந்து, எந்தத் தடம் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்று படிக்கலாம். யாம் திறந்து பார்த்தோம். இலக்கணச் சூத்திரம்போற் சுருங்கிய நடை. ஆயினும் உரையெழுத இயலும்.

எம்மோடு மாறுபடுவோர் கூற்றிலும் நியாயம் உண்டு. கையிற் பணமும், ஒரே விடுமுறையும், விண்டோஸ் கணினியும் உடையவர், நான்கு நாள் சினம் கொள்வதைவிட எனிரெயிலை உரிய விலை கொடுத்து வாங்குவது தவறன்று. தடத்தைக் கையாற் செய்வோர்க்கோ மேற்கூறிய மூன்றும் போதா. மெய்ப்பாதையின் அகலம் 1435 மி.மீ.; 'டபிள் ஓ' அளவில் அது 18.83 மி.மீ. ஆதல் வேண்டும். கடைத்தடமோ 16.5. இக்குறையைப் பொறாத பிரிட்டானியர் தாமே மரக்கட்டை அடுக்கித் தண்டவாளம் ஒட்டி 18.83 மி.மீ. தடம் செய்வர். அவர்க்கென்றே டெம்பிளாட் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. பாயிண்டின் முழுவளவு வரைபடத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, அதன்மேலேயே தடத்தைக் கட்டலாம். நம் நாட்டு அகலப்பாதை 1676 மி.மீ.; அதே அளவில் ஏறக்குறைய 22 மி.மீ. ஆகும். கடைத்தடத்தின்மேல் ஓடும் எந்த மாதிரியும் நம் அகலப்பாதை வண்டியைக் கால் ஒடுக்கியே நிறுத்தும். விழுப்புரம் சந்திப்பையோ திருச்சிராப்பள்ளிச் சந்திப்பையோ உள்ளவாறே செய்ய ஒருவர் துணிவராயின், கடைப்பட்டியலை நம்பிய மென்பொருள் அவர்க்குப் பயன்படாது, டெம்பிளாட் பயன்படும்.

எந்த மென்பொருளும் அறியாதன சில உண்டு. அவற்றை நாமே கொண்டுசெல்லல் வேண்டும். நம் கையின் நீளம் அவற்றுள் ஒன்று. பலகையின் ஓரத்தினின்று இரண்டரை அடிக்கு அப்பால் தடம் புரண்ட வண்டியை எடுத்தல் அரிது. நான்கடிப் பலகையைச் சுவரோரம் இட்டால் அப்பக்கத்து வண்டிக்கு மேசைமேல் ஏறவேண்டும், ஏறினோம், ஒரு பாலம் உடைந்தது. கதவு எப்பக்கம் திறக்கும், மின்விசிறிக் காற்றில் அட்டை மரங்கள் நிற்குமா என்பனவும் இவ்வினத்தனவே. ஆகலின் கணினியைத் திறக்குமுன் காகிதத்தில் ஒருமுறை வரைதல் நலம். ஜான் ஆம்ஸ்டிராங் என்னும் அமெரிக்கர் 1963இல் வெளியிட்ட பாதைத்திட்ட நூலில் எளிய முறையொன்றைக் காட்டினார். மிகக்குறைந்த வளைவின் ஆரத்தோடு தடங்களின் இடைவெளியை இருமுறை கூட்டி, அதனைப் பக்கமாகவுடைய சதுரங்களால் அறையை அளப்பதே அம்முறை. எமக்கு 438உம் 67இன் இருமடங்கும் கூடி 572 மி.மீ. ஆயிற்று. அவ்வளவில் எம் பெரிய பலகை நீளத்தில் நான்கு சதுரம், அகலத்தில் இரண்டே சதுரம். விடுமுறைக்கு முன்னர் அரைமணி நேரம் இதில் செலவிட்டிருப்பின், அதில் எத்துணைச் சிறிது அடங்கும் என்பதை உணர்ந்திருப்போம்.

அப்பலகை இப்போது அறுக்கப்பட்டுவிட்டது. ஓரடி அகலமும் ஐந்தடி நீளமுமான ஒரு துண்டில், ஆலன் ரைட் என்னும் ஆங்கிலேயர் வகுத்த 'இங்கில்நூக்' என்னும் ஷண்டிங் புதிர்ப்பாதையைச் செய்கிறோம். ஏற்றமில்லை, பாலமில்லை, வட்டமுமில்லை. இரண்டே பாயிண்டுகள், மூன்று பக்கத் தடங்கள். ஒன்றில் ஐந்து சரக்குப் பெட்டிகளும் மற்றிரண்டில் மும்மூன்றும் நிற்கும். முன்தடத்தில் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் நிற்கும். எட்டுப் பெட்டிகளுள் சீட்டெடுத்து வந்த ஐந்தனை, வந்த வரிசையிலேயே கோத்து நிறுத்துதல் வேண்டும். இவ்வாறு அமையத்தக்க வண்டிகளின் தொகை 6720 எனக் கணித வகுப்புத் தோழர் கணக்கிட்டார். ஒருநாளைக்கு ஒன்றாக ஆடினும் பதினெட்டு ஆண்டு செல்லும். 50 துண்டுகளுக்குள் இதனை எனிரெயிலின் இலவச எல்லையிலேயே வரைந்திருக்கலாம் என்பதும் உண்மை. யாம் பழகிவிட்ட எக்ஸ்ட்ராக்கேட்டிலேயே வரைந்தோம்.

இச்சிறு பாதையிலும் அளவு தப்பினால் ஆட்டமில்லை. பக்கத் தடத்தின் நீளத்தைப் பாயிண்டு முடியும் இடத்திலிருந்து அளந்தோம். பாயிண்டைத் தாண்டியவுடன் இரு தடங்களும் நெருங்கியே செல்லும். அங்கு நிற்கும் பெட்டி அடுத்த தடத்திற் செல்லும் பெட்டியை உரசும். உரசாது விலகும் இடத்திலிருந்தே அளவு தொடங்கல் வேண்டும். திரையில் ஐந்து பெட்டிகளும் இனிது நின்றன. மெய்ப்பெட்டிகளை நிறுத்தியபோது ஐந்தாவது அரை அங்குலம் வெளியே நின்று எஞ்சினை மறித்தது. வருகிற சனிக்கிழமை அத்தடத்தை நீட்ட வேண்டும். பலகை அறுக்கும் வாளை விடுதிக் காப்பாளர் மீண்டும் தருவாரோ தெரியவில்லை.